பழைய பன்னிரண்டு மணி

செல்லையா அண்ணே போய்விட்டார். செய்தி வந்தபோது நான் நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தேன். அவருடைய தங்கை மகன்தான் தொலைபேசியில் பேசினான். "அக்கா, மாமா காலையில போயிட்டாரு. தூக்கத்துலயே லா. ஒங்களுக்குத்தான் மொதல்ல சொல்லணும்னு அடிக்கடி சொல்வாரு." எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. எழுபது தாண்டிய மனிதர் தூக்கத்தில் போனதற்கு யார் மேல் கோபப்படுவது? ஆனாலும் வந்தது. அடுப்பை அணைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அவரைத் தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்களில் பலருக்கு அவர் கப்பல் கம்பெனியில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். கோயில் பூசையில் கடைசி வரிசையில் நிற்கிறவர். பேசும்போது வலது காதைத் திருப்பிக்காட்டுகிறவர். இடது காது எப்படிப் போயிற்று என்று அவர் யாருக்கும் சொன்னதில்லை. பினாங்குத் தீவில், சுங்கை பினாங்கில் நாங்கள் ஒரே வீட்டில் இருந்தோம். மேல்மாடியில் அவர், தனி ஆள், யாழ்ப்பாணத்துக்காரர். கீழே நான், என் வீட்டுக்காரர் இரத்தினம், என் மாமியார்.

அவருக்கு ஒரு பைத்தியம் இருந்தது. வானத்தைப் படம் பிடிப்பது. அதற்கென்று பெரிய கருவி வாங்க அவரிடம் ஏது வழி? மழைத்தண்ணீர் இறங்குகிற தகரக் குழாய் ஒன்றை வாங்கி வந்தார். அதன் ஒரு முனையில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வாங்கிய ஒற்றை வில்லை, மறுமுனையில் அவரே அடித்த மரப்பெட்டி. பெட்டிக்குள் படம் பதிகிற கண்ணாடித் தட்டு. யுத்தத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் இதை வைத்து நிலாவைப் பிடித்தார். குழாயைத் தாங்கிப் பிடித்தது என் வீட்டுக்காரர். படத்தில் நிலா சட்டைப் பித்தான் அளவுக்கு இருந்தது. மனிதர் அதைத் தெரு முழுக்கக் காட்டிவிட்டு வந்தார்.

என் மாமியார் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "இதுக்கா தம்பி இத்தனை பாடு? அப்பத்தைக் கடிச்சு வெச்ச மாதிரி இருக்கு."

"ஓம் அம்மா, அந்தக் கடிச்ச ஓரத்திலதான் மலையெல்லாம் தெரியும். வடிவாப் பாருங்கோ," என்றார் செல்லையா அண்ணே. அவரைக் கேலி செய்தால் அவருக்கு உறைக்காது. மேலும் விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிடுவார்.

ஜப்பான்காரன் வந்ததும் கேமரா, தூரக்கண்ணாடி, ரேடியோ எல்லாவற்றையும் ஒப்படைக்கச் சொன்னான். ஒளித்து வைத்தவர்களுக்கு என்ன நடந்தது என்று ஊருக்கே தெரியும். செல்லையா அண்ணே மரப்பெட்டியைக் கழற்றி விறகோடு அடுக்கினார். வில்லையைத் துணியில் முடிந்து உத்தரத்தில் செருகினார். குழாயைப் பின்சுவரில் பழையபடி மழைக்குழாயாகவே மாட்டிவிட்டார். மிச்சமிருந்த கண்ணாடித் தட்டுகள் ஈரம் பட்டால் கெட்டுவிடும் என்று பிஸ்கட் தகரத்தில் போட்டு, கூடவே ஒரு பிடி வறுத்த அரிசியையும் போட்டு மூடினார். நாங்கள் மரவள்ளிக் கிழங்கைத் தின்றுகொண்டிருந்த காலம் அது. என் மாமியாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மனுசன் திங்க அரிசி இல்ல, கண்ணாடிக்கு வறுத்து வெக்கிறியே லா! நீ நல்லா இருப்பியா?"

எனக்கோ அரிசி பெரிதில்லை. தெருவில் லாரிச் சத்தம் கேட்டாலே என் கண் பின்சுவருக்குப் போய்விடும். ராத்திரி எழுந்து அந்தக் குழாய் குழாயாகத்தான் தெரிகிறதா என்று பார்த்திருக்கிறேன். "இதைத் தூக்கிப் போடுங்க அண்ணே, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்," என்று எத்தனையோ முறை கெஞ்சினேன். "எனக்கும் பயமாத்தான் கிடக்கு பிள்ளை. ஆனா எறிய மனம் வருகுதில்லை," என்பார். பயம் என்பதை அவர் ஒருநாளும் மறைத்ததில்லை. சைக்கிளில் போகும்போது காவல்சாவடி கண்ணில் பட்டால் இறங்கித் தள்ளிக்கொண்டு போவார். சிப்பாய்க்குக் குனிந்து வணங்கிவிட்டு வீட்டுக்கு வந்தால் நேரே மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்.

அந்தக் காலத்தில் கடிகாரத்தையும் டோக்கியோ நேரத்துக்கு மாற்றச் சொன்னார்கள். ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி வைக்க வேண்டும். எல்லோரும் தள்ளி வைத்தோம். செல்லையா அண்ணே மட்டும் மாடியிலிருந்த சுவர்க்கடிகாரத்தைத் தொடவில்லை. "சூரியனுக்கு டோக்கியோ தெரியாது," என்பார். கேட்கிறவர்கள் சிரிப்போம். அதோடு கப்பல் இல்லாததால் ஊரிலிருந்து பஞ்சாங்கமும் வரவில்லை. அமாவாசை எப்போது, சஷ்டி எப்போது என்று கோயிலில் திண்டாடினார்கள். செல்லையா அண்ணே பழைய பஞ்சாங்கங்களைப் பரப்பி வைத்துக் கணக்குப் போட்டுச் சொல்வார். சொன்னால் சரியாக இருக்கும்.

ஜப்பான்காரன் வந்து மூன்றாவது ஆடி. எனக்கு ஏழு மாதம். அதற்கு முன் ஒரு பிள்ளை தங்கவில்லை. ஆடி அமாவாசையும் சூரிய கிரகணமும் ஒரே நாளில் வருகிறது என்று செல்லையா அண்ணே சொன்னார். பிடிக்கிற நேரம் எப்போது என்று என் வீட்டுக்காரர் கேட்க, "பன்னிரண்டு மணியை ஒட்டி," என்றார். என் வீட்டுக்காரர் போய்க் கோயிலில் சொன்னார். தகப்பன் இல்லாத ஆண்கள் எல்லாம் கடலில் முழுகி, கிரகணம் பிடிக்கையில் எள்ளும் தண்ணீரும் இறைப்பதென்று முடிவாயிற்று. எந்தப் பன்னிரண்டு என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று என் வீட்டுக்காரருக்குத் தோன்றவில்லை. சொல்ல வேண்டும் என்று செல்லையா அண்ணனுக்கும் தோன்றவில்லை.

கிரகணத்தில் பிள்ளைத்தாய்ச்சி வெளியே வந்தால் குழந்தைக்கு உதடு பிளந்துவிடும் என்பது எங்கள் நம்பிக்கை. மாமியார் காலையிலேயே என் மடியில் தர்ப்பைப் புல்லைச் செருகி அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினார். ஜன்னல் இடுக்கில் பழந்துணி அடைத்தார். கத்தியைத் தொடாதே, ஊசியைத் தொடாதே, காலை மடக்காதே. தர்ப்பைப் புல்லைப் பார்த்து, "இதெல்லாம் மூட நம்பிக்கை அம்மா," என்று செல்லையா அண்ணே படியில் நின்று சிரித்தார். நான் இருட்டில் மல்லாந்து படுத்திருந்தேன்.

அப்போதுதான் எங்கள் தெருப் பால்காரர் ஓடி வந்து வாசலில் கத்தியது கேட்டது. "அக்கா! அண்ணனப் புடிச்சிட்டுப் போயிட்டானுங்க! கடல்ல நின்ன அத்தனை பேரையும் லாரில ஏத்திட்டானுங்க!"

நான் கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன். பால்காரருக்கு மூச்சு வாங்கியது. இடுப்பளவு தண்ணீரில் ஆண்கள் கூட்டமாக நின்று கடலையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். ராணுவப் போலீஸ் வந்து என்ன கூட்டம் என்று கேட்டது. கிரகணம் என்றார்களாம். "மேல சூரியன் முழுசா நிக்குது அக்கா. எங்கடா கெரகணம்னு அறைஞ்சானுங்க. வெள்ளைக்காரன் கப்பலுக்குக் காத்திருக்கீங்கன்னு சொல்லி ஏத்திட்டானுங்க."

செல்லையா அண்ணே மாடிப்படியில் நின்றிருந்தார். "எத்தனை மணிக்குப் போனவை?" என்றார்.

"பன்னிரண்டுக்கு."

அவர் திரும்பித் தன் கடிகாரத்தைப் பார்த்தார். அதில் பதினொன்றரைதான். "நான் சொன்னது பழைய பன்னிரண்டு, பிள்ளை."

நான் அவரை என்னென்ன சொன்னேன் என்று இங்கே எழுத முடியாது. நாசமாய்ப் போவாய் என்பதுதான் அதில் மரியாதையான வார்த்தை. அவர் எல்லாம் கேட்டுவிட்டு, "இன்னும் கொஞ்ச நேரத்தில பிடிக்கும். அவங்கள் அண்ணாந்து பாக்க மாட்டாங்கள். பார்த்தாலும் வெறுங்கண்ணுக்குத் தெரியாது. மேசையில வைக்க ஒரு சாட்சி வேணும்," என்றார். பின்சுவருக்குப் போய்க் குழாயைக் கழற்றி, விறகிலிருந்த பெட்டிப் பலகைகளையும் உத்தரத்து வில்லையையும் எடுத்துப் பூட்டினார்.

மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. மழைக்கு முன்னால் எடுத்தாக வேண்டும். சூரியன் ஏறக்குறைய உச்சியில். குழாயை ஒருவர் நிமிர்த்திப் பிடிக்க வேண்டும், ஒருவர் வில்லைக்கு முன்னால் அட்டையை இழுத்து மூட வேண்டும். எப்போதும் பிடிக்கிற என் வீட்டுக்காரர் லாரியில் போய்விட்டார். பால்காரர் பயந்து அப்போதே கிளம்பிவிட்டார். மாமியாருக்குக் கை வாதம். செல்லையா அண்ணே என்னைப் பார்த்தார், உடனே கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

"உன்னைக் கேக்கிறது பாவம் எண்டு எனக்குத் தெரியும்."

மாமியார் வாசலை மறித்துக்கொண்டு, "போகாதேடி, ஏற்கெனவே ஒண்ணைத் தூக்கிக் குடுத்துட்டோம்," என்று அழுதார். சமையலறைத் தகரக் கூரையில் ஆணி ஓட்டைகள் உண்டு. அவற்றின் வழியாகத் தரையில் விழுகிற வெளிச்சப் பொட்டுகள் எப்போதும் வட்டமாக இருக்கும். அன்று ஒவ்வொன்றும் ஒரு பக்கம் கடிபட்டிருந்தது. மாமியார் அதைப் பார்த்து அலறிச் சுவரோரம் ஒதுங்கினார். நான் வெளியே போனேன். புருஷனா பிள்ளையா என்று எடை போட எனக்கு அப்போது நேரமில்லை. கால் போயிற்று.

"மேல பாராதை. குழாயின்ர நிழலை மட்டும் பார். நிழல் ஒடுங்கி வட்டமா வந்தா குழாய் சூரியனுக்கு நேரா இருக்கெண்டு அர்த்தம். கை நடுங்கினா எல்லாம் நடுங்கும், பிள்ளை." வயிற்றில் முட்டுக்கொடுத்துக் குழாயைப் பிடித்தேன். நிழல் ஒடுங்கியது. அட்டையை இழுத்தார். அந்த நேரம் பார்த்து வயிற்றுக்குள் பிள்ளை ஓர் உதை விட்டது. குழாய் ஆடிவிட்டது. தட்டுகள் இரண்டுதான் மிச்சம். முதல் தட்டு போயிற்று.

மேகத்தின் ஓரம் சூரியனைத் தொட வந்துவிட்டது. வெளிச்சம் வெளிறி, வெயில் இருந்தும் சூடில்லாமல், தெரு நாய்கள் எல்லாம் சத்தமடங்கிக் கிடந்தன. இரண்டாவது தட்டைப் போட்டார். நான் மூச்சை அடக்கிக்கொண்டு, "கண்ணு, கொஞ்ச நேரம் சும்மா இருடா," என்று வயிற்றைக் கெஞ்சினேன். பிள்ளை சும்மா இருந்தது. அட்டை மூடிய கொஞ்ச நேரத்தில் மழை கொட்டத் தொடங்கியது, சாயங்காலம் வரை விடவில்லை.

சமையலறையில் வெளிச்சம் படாமல் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, படம் கழுவுகிற பழைய மருந்தை ஊற்றித் தட்டைக் கழுவி எடுத்தார். கண்ணாடியில் வெளிச்சம் கறுப்பாகத்தான் விழும், சூரியனும் கறுப்பாக இருந்தது. பாதிக்கு மேல் கடி. ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் தெளிவு. வேறு நாளாக இருந்தால் அவர் தெருவில் ஓடியிருப்பார். அன்று தட்டைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சட்டையை எடுத்து மாட்டினார். சட்டைப் பித்தானைப் போட விரல் ஒத்துழைக்கவில்லை. நான்தான் போட்டுவிட்டேன். குழாயையும் பெட்டியையும் சைக்கிளில் கட்டினார்.

"அது எதுக்கு அண்ணே? படம் மட்டும் போதாதா?"

"எதால எடுத்தாய் எண்டு கேப்பாங்கள். தேடிக்கொண்டு இஞ்ச வரக்கூடாது. நீ ஒண்டையும் தொடேல்லை, விளங்கிச்சோ? நான் தனியாத்தான் எடுத்தனான்." மழையில் தட்டைச் சட்டைக்குள் வைத்து அணைத்துக்கொண்டு போனார்.

மறுநாள் என் வீட்டுக்காரரும் மற்றவர்களும் திரும்பி வந்தார்கள். செல்லையா அண்ணே வரவில்லை. உள்ளே நடந்ததை என் வீட்டுக்காரர்தான் சொன்னார். அதிகாரி தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தானாம். கிரகணத்தை நம்பிவிட்டான். பிறகு குழாயைத் தூக்கிப் பார்த்தான். இதை ஒருத்தனால் செய்ய முடியாது என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. "சியாப்பா பெகாங்?" யார் பிடித்தது என்று மொழிபெயர்ப்பாளன் மலாயில் திரும்பத் திரும்பக் கேட்டானாம். செல்லையா அண்ணே ஒவ்வோர் அடிக்கும் அம்மா அம்மா என்று அழுதுகொண்டே, "நான்தான், நான் ஒருத்தன்தான்," என்றாராம்.

அதைக் கேட்ட நாள் முதல் எனக்குத் தூக்கமில்லை. அவர் என் பெயரைச் சொல்லிவிடுவாரோ என்று பயம். சொல்லாமலே செத்துவிடுவாரோ என்று அதைவிடப் பயம். வயிற்றில் அசைவு குறைந்தால் ஒரு பயம், கூடினால் ஒரு பயம்.

விட்டுவிட்டார்கள். ஒருநாள் காலை வாசலில் வந்து நின்றார். முகம் வீங்கி, இடது காதில் காய்ந்த இரத்தம். நான் கூப்பிட்டது அந்தப் பக்கத்திலிருந்து அவருக்குக் கேட்கவில்லை. முன்னால் போய் நின்றேன்.

"பிள்ளை, வயித்தில அசையுதோ?"

அசைகிறது என்றேன். மாடிப்படியில் உட்கார்ந்து சின்னப் பிள்ளைபோல் தேம்பித் தேம்பி அழுதார். என் மாமியாரின் தர்ப்பைப் புல்லைப் பார்த்துச் சிரித்த மனிதர், உள்ளே இருந்த அத்தனை நாளும் என் குழந்தையின் உதட்டை நினைத்துக்கொண்டே கிடந்திருக்கிறார். "அது மூட நம்பிக்கைன்னு நீங்கதானே அண்ணே சொன்னீங்க?" என்றேன். "ஓம், சொன்னனான். இப்பவும் சொல்லுவன். ஆனா கணக்கில நான் ஒருக்காப் பிழைவிட்டவன்தானே," என்றார்.

பிரசவத்தன்று அவர் வாசலிலேயே நின்றார். பெண் குழந்தை என்று மருத்துவச்சி சொல்ல, என் வீட்டுக்காரர் போய்ச் சொல்லியிருக்கிறார். அவர் கேட்ட ஒரே வார்த்தை, "உதடு?"

"அழகா இருக்கு அண்ணே. வந்து பாருங்க லா."

அவர் பார்க்க வரவில்லை. பயமாயிருக்கிறது என்று சொல்லிவிட்டார். அரைமணி கழித்துத்தான் கதவோரம் வந்து, கண்ணைத் திறக்கத் துணிவில்லாமல் நின்று, கடைசியில் திறந்தார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது படமோ கருவியோ அல்ல, எல்லாவற்றையும் ஜப்பான்காரன் பிடுங்கிக்கொண்டான். பயத்தைப் பயம் என்று சொல்லிவிட்டு, அழுதுகொண்டே போக வேண்டிய இடத்துக்குப் போகிற வழக்கம் ஒன்று அவரிடம் இருந்தது. அதைத்தான் எடுத்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அது உதவியது.

நேற்று அவரைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். வாசலில் செருப்பைக் கழற்றியபின் எனக்குக் கால் எழவில்லை. அவரை அப்படிப் பார்க்கப் பயமாக இருந்தது. "எனக்குப் பயமா இருக்கு," என்று அங்கே நின்றவர்களிடம் வாய்விட்டுச் சொன்னேன். உள்ளே போனேன்.