கனடாவிலிருந்து வந்த பாராட்டு

எங்கள் ஊரில் முகநூலில் எழுதுகிறவர்கள் யார் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. வாசிப்பார்கள். விருப்பக்குறி போடமாட்டார்கள், கருத்தும் எழுதமாட்டார்கள். அடுத்த நாள் நான் வேலை செய்யும் மருந்துக்கடைக்கு வந்து பனடோல் கேட்பார்கள். அட்டையை நீட்டும்போது குரலை இறக்கி, "வாசிச்சனான் பிள்ளை" என்பார்கள். சிலருக்குத் தலையிடியே இருக்காது என்பது எனக்குத் தெரியும்.

வெளியூர்க்காரர் இதைக் கோழைத்தனம் என்பார்கள். சொல்லட்டும். குறி போட்டால் போட்டவரின் பெயர் அங்கே நிற்கும். பெயருக்கு ஒரு வீடு இருக்கும், வீட்டுக்கு ஒரு படலை இருக்கும். இரவில் வந்து படலையைத் தட்டத் தெரிந்தவர்களைப் பார்த்து வளர்ந்த ஆட்கள் நாங்கள்.

நானும் புனைபெயரில்தான் எழுதினேன். எழுத்தாளர் என்றெல்லாம் என்னைச் சொல்லிக்கொள்ள ஏலாது. கோபம் வந்தால் எழுதுவேன், அது அடிக்கடி வரும். உப்புவெளியிலிருந்து டவுனுக்கு வரும் பஸ்ஸில், யன்னல் ஓரம் இடம் கிடைத்தால் போனில் தட்டத் தொடங்கிவிடுவேன். கிண்ணியாவில் மீன் மொத்த வியாபாரம் செய்யும், நான் நானா என்று கூப்பிடும் ஒரு முஸ்லிம் அண்ணர், தாயாருக்கு மருந்து எடுக்க எங்கள் கடைக்கு வருகிறவர், அதைச் சிங்களத்தில் மாற்றி வட்ஸ்அப்பில் தெற்குப் பக்கம் அனுப்புவார். அனுப்புமுன் என் புனைபெயரையும் வெட்டிவிடுவார். "பொய்ப் பேர்தானே நானா, இருக்கட்டுமே" என்று ஒருநாள் சொன்னேன். "பொய்ப் பேருக்குப் பின்னால ஒரு மெய்யான ஆள் இருக்கே தங்கச்சி" என்றார்.

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய காணிகளை வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்கு நீண்ட குத்தகைக்குக் கொடுக்கப்போகிறார்கள் என்று கதை அடிபட்டது. ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டால், பாதுகாப்பு விஷயம், சொல்ல ஏலாது என்றார்கள். எங்கள் கடற்கரையை யாருக்குக் கொடுக்கிறார்கள் என்பது எங்களுக்கே தெரியாத அளவுக்கு எங்களைப் பாதுகாக்கிறார்களாம். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "காணி எங்கட கண்ணுக்கு முன்னால கிடக்கு, கடதாசியை மட்டும் ஏன் ஒளிக்கிறியள்? சபையில் வையுங்கோ" என்று எழுதிப் போட்டேன்.

அந்த நாட்களில் நான் பயந்தது ஒரே ஒரு விஷயத்துக்கு. என் கணவர் துறைமுகத்துக்குள் ஒரு களஞ்சியத்தில் வேலை செய்கிறார். உள்ளே போகக் கழுத்தில் ஒரு பாஸ் தொங்க வேண்டும். அதைக் கொடுப்பவர்களும் பறிப்பவர்களும் காரணம் சொல்லக் கடமைப்பட்டவர்கள் இல்லை. பாஸ் போனால் வேலை போகும். வேலையோடு நிற்காமல் ஆளும் போன வீடுகள் எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கின்றன.

பாராளுமன்றத்தில் ஓர் உறுப்பினர் என் வரிகளை அப்படியே வாசித்தார். யார் எழுதியது என்று அவருக்குத் தெரியாது, "திருகோணமலை மக்கள் கேட்கிறார்கள்" என்றுதான் சொன்னார். கடையில் தொலைக்காட்சிக்கு முன்னால் நின்ற நான் சத்தத்தைக் கூட்டி, உடனே குறைத்தேன். சந்தோஷம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். நாடே கேட்கும் இடத்தில் என் கோபம் ஒலித்தது. அன்று வந்தவர்கள் எல்லாம் பனடோல் வாங்கினார்கள்.

அடுத்த நாள் காலை, கடை திறந்து தூசி தட்டிக்கொண்டிருந்தபோது நானா போன் எடுத்தார்.

"தங்கச்சி, ஒங்கட படம் வந்திருக்கு. ஒங்கட மாப்பிள்ளையும் நிக்கிறார். கனடாவில ஆரோ போட்டிருக்காங்க."

போட்டது என் மச்சாள், கணவரின் அக்கா. கேட்டால் உயிரையும் தருவார், கேளாமல் இதையும் தந்துவிட்டார். "பாராளுமன்றத்தையே ஆட்டின எழுத்து என்ட தம்பியின்ட மனுசியின்ட எழுத்து! எங்கட வீட்டுப் பிள்ளை!" என்று போட்டு, கீழே ஒரு படம். கணவருக்கு வேலை கிடைத்த முதல் நாள் நாங்கள் ஆசையாய் எடுத்து மச்சாளுக்கு அனுப்பிய படம். கணவர் நிறுவனத்தின் சேட்டைப் போட்டுக்கொண்டு, கழுத்தில் பாஸோடு நிற்கிறார். பக்கத்தில் நான். நடுவில் மகள், பள்ளிக்கூட உடுப்பில். லண்டன், பாரிஸ், சிட்னி என்று உலகத்தில் உள்ள எங்கள் சொந்தம் முழுவதும் அதில் இதயம் போட்டிருந்தது.

மச்சாளுக்குப் போன் எடுத்தேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. அங்கே இரவு, நல்ல மனச்சாட்சியோடு நித்திரை கொண்டிருப்பார். நான் எடுக்க எடுக்க இதயங்கள் கூடிக்கொண்டு போயின. அந்தக் காலையில் எத்தனை பேருக்கு மருந்தை மாற்றிக் கொடுத்தேனோ என்று இன்றைக்கும் கவலை வரும். முதலாளி என்னைப் பார்த்துவிட்டு, தானே அலுமாரியிலிருந்து மருந்தை எடுக்கத் தொடங்கினார்.

ஒருவழியாக மச்சாள் எடுத்தார்.

"ஏன் பிள்ளை பதறுறீர்? நல்ல விசயம்தானே? இப்ப முந்தின மாதிரி இல்லையாமே."

"நீங்கள் அங்க இருந்து அப்பிடிச் சொல்லலாம் மச்சாள். முதல்ல அதைத் தூக்குங்கோ!"

கத்திவிட்டேன். அவர் அழுதுகொண்டே அழித்தார். அதற்குள் யார் யாரோ அதை எடுத்துத் தங்கள் பக்கத்தில் போட்டிருந்தார்கள், பெருமை எங்களுக்கும் உண்டு என்று.

இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. அந்த ஒன்றும் நடக்காததுதான் என்னைத் தின்றது. ஒழுங்கைக்குள் மோட்டார் சைக்கிள் திரும்பினால் குசினியில் அடுப்பை அணைத்துவிட்டு, அது போகும்வரை நிற்பேன். பிறகு கணவரை வேலையிடத்திலிருந்தே கூப்பிட்டார்கள். துறைமுக வாசலடியில் இருக்கும் அறையில் யாரோ கதைக்க வேண்டுமாம், மத்தியானம் வரச் சொன்னார்களாம்.

"வேலியில போன ஓணானைப் பிடிச்சு மடியில விட்டாச்சு. இனிக் குத்துது குடையுது எண்டு என்ன செய்ய" என்றார் போனில். பகிடிக்குத்தான் சொன்னார். குரலில் பகிடி இல்லை.

நான் அரை நாள் லீவு கேட்டு வீட்டுக்கு வந்தேன். சோறு வடிக்கவில்லை. படலையைப் பார்த்தபடி கதிரையில் இருந்தேன். கும்பிடாத தெய்வம் இல்லை. பாஸ் போனால் போகட்டும், ஆள் வந்தால் போதும் என்று பேரம் பேசினேன். இனி எழுதமாட்டேன் என்றும் சொன்னேன். சொல்லும்போதே அது பொய்யோ என்று ஒரு சந்தேகம் வந்தது, தெய்வத்துக்கும் வந்திருக்கும்.

வந்தார். சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். கழுத்தில் பாஸ் இருந்தது. நான் ஓடிப்போய் அதைத்தான் முதலில் தொட்டேன்.

"என்னப்பா கேட்டவங்கள்?"

"ரெண்டு பேர். சிவில் உடுப்பு. நல்ல மரியாதை. தேத்தண்ணி தந்தவங்கள்."

"எழுதினதைப் பற்றி?"

"ஒண்டும் கேக்கேல்ல. அந்தப் படத்தைப் பெரிசாக் கடதாசியில எடுத்து வச்சிருந்தவங்கள். வடிவான குடும்பம் எண்டவங்கள்." சைக்கிளைச் சுவரில் சாத்தினார். "பிள்ளை எந்தப் பள்ளிக்கூடம் எண்டு மட்டும் கேட்டவங்கள்."

"சொன்னீங்களா?"

"படத்தில உடுப்பிலயே அடையாளம் கிடக்கு. தெரிஞ்சுகொண்டுதான் கேட்டவங்கள். சொல்லாம என்ன செய்ய?"

நான் செருப்பும் போடாமல் வெளியே வந்து, றோட்டில் ஓட்டோவை மறித்து ஏறினேன். பள்ளிக்கூட மணி அடிக்க இன்னும் நேரம் இருந்தது. வாசலில் நின்றேன். மகள் வந்தாள், தண்ணிப் போத்தலை ஆட்டியபடி, வழமைபோல.

அன்றிலிருந்து நானே போய்க் கூட்டி வருகிறேன். முதலாளி என் வேலை நேரத்தை மாற்றித் தந்தார். அடுத்த பதிவு எழுதி முடித்தபடி போனில் கிடக்கிறது, இன்னும் போடவில்லை. போடக்கூடாது என்றும் முடிவெடுக்கவில்லை.

பள்ளிக்கூட வாசலில், எதிர்ப்பக்க மர நிழலில், மோட்டார் சைக்கிளில் ஒருவர் நிற்பார். தினமும் நிற்பார். என்னைப் பார்த்து ஒருநாள் சிரித்தார். யாரிடமும் விசாரிக்க எனக்குத் துணிவு வரவில்லை. வீட்டிலும் சொல்லவில்லை. அவருடைய சேட்டு நிறம்கூட எனக்கு மனப்பாடம்.

போன கிழமை மணி அடித்ததும் சின்னப் பொடிச்சி ஒருத்தி றோட்டைத் தாண்டி ஓடிப்போய், "அப்பா" என்று அந்த மோட்டார் சைக்கிளில் ஏறினாள். அவர் அவளுடைய பையை வாங்கி முன்னால் கொழுவினார். எனக்கு அழுகை வந்தது. இவ்வளவு நாளும் ஒரு தகப்பனைப் பார்த்தா நடுங்கினேன் என்று என்மேலேயே ஆத்திரம் வந்தது. பிறகுதான், சிவில் உடுப்பில் விசாரிக்கும் உத்தியோகம் பார்க்கிறவர்களுக்கும் பிள்ளைகள் இருக்கும்தானே என்று நினைத்தேன்.

"அம்மா, கையை விடுங்கோ" என்றாள் மகள். "நோகுது."