விரிசல் விட்ட முட்டையும் முதல் விதியும்

எங்கள் வீட்டில் யாரும் நல்ல முட்டையைத் தின்றதில்லை. நாமக்கல்லுக்குப் பக்கத்தில் மூன்று ஷெட் நிறையக் கோழி வைத்திருக்கும் குடும்பம் எங்களுடையது. முட்டைக்குப் பஞ்சம் என்று சொன்னால் கோழிகளே சிரிக்கும். ஆனால் முழு முட்டை லாரிக்குப் போகும், விரிசல் விட்டதுதான் அடுப்படிக்கு வரும். அதற்குக் கிராக் முட்டை என்று பெயர். யாரும் இதைச் சட்டமாகப் போட்டதில்லை. பண்ணை வைத்திருக்கிற எந்த வீட்டுக்குப் போனாலும் இதுதான் நடைமுறை. நான் முதன்முதலாக ஒரு முழு முட்டையை என் கையால் உடைத்தது, சேலத்தில் அறை எடுத்துத் தங்கி எம்.எஸ்ஸி. படித்தபோதுதான். ஏதோ திருட்டுத்தனம் செய்கிறவள்போல் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டேன்.

இந்தப் பழக்கம் என் பிழைப்பில் மண்ணை அள்ளிப் போடப் பார்த்தது.

இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கி, ஒரு கல்லூரியில் இரண்டு வருடம் பாடம் எடுத்தேன். சேர்க்கை குறைந்தது. துறையை மூடிவிட்டு எங்களுக்கு ஆளுக்கொரு சால்வை போர்த்தி அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு ஒன்றரை வருடம் பண்ணையில்தான் இருந்தேன். அப்பா முட்டை லாரியோடு கேரளாவுக்குப் போனால் வர நாலு நாள் ஆகும். பண்ணை முழுக்க அம்மா கையில். நான் நிரந்தரமாக வீட்டோடு இருந்துவிட்டால் அம்மாவுக்கு நிம்மதி.

"ஏங் கண்ணு, இத்தன கோளியும் உன்னயத்தான் பாத்துட்டு நிக்குது. காலேஜுக்குப் போயி ஆருக்குப் பாடஞ் சொல்லோணுங்கற?" என்பாள்.

கோழிகளுக்குப் பாடம் எடுத்தும் பார்த்துவிட்டேன். தீனி போடும்போது உந்தம் என்றால் என்ன என்று சத்தமாக விளக்குவேன். எல்லாக் கோழியும் தலையை ஆட்டும். எதைச் சொன்னாலும் தலையாட்டுகிற மாணவர்கள் எனக்கு ஒத்துவர மாட்டார்கள். எதிரே ஐம்பது முகம் இருக்க வேண்டும், அதில் ஒன்றாவது "இது எப்படி?" என்று புருவத்தைச் சுருக்க வேண்டும். எனக்கு அது வேண்டியிருந்தது. சோற்றைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே வேண்டியிருந்தது.

ராசிபுரம் தாண்டி ஒரு கல்லூரியில் ஓர் இடம் காலி என்று தெரிந்து மனுப் போட்டேன். சனிக்கிழமை நேர்காணல் என்று கடிதம் வந்தது. பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு மாணவர்களை உட்கார வைப்பார்கள், அவர்கள் முன்னால் இருபது நிமிடம் வகுப்பெடுத்துக் காட்ட வேண்டும். தலைப்பு, மரபு இயந்திரவியலின் அடிப்படைக் கருத்துகள். இதுவும் கிடைக்காவிட்டால் இனிக் கல்லூரிப் பேச்சே எடுப்பதில்லை, பண்ணையோடு இருந்துவிடுகிறேன் என்று அம்மாவிடம் வாக்குக் கொடுத்தேன். கொடுத்த கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அம்மா அந்த வாக்கைப் பத்திரமாக வாங்கி வைத்துக்கொண்டாள்.

இருபது நிமிடத்தில் இயக்கத்தின் முதல் விதி. எதுவும் தொந்தரவு செய்யாதவரை நிற்பது நின்றுகொண்டே இருக்கும், ஓடுவது அதே வேகத்தில் நேராக ஓடிக்கொண்டே இருக்கும். இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். நம்ப வைக்கத்தான் நாள் கணக்கில் ஆகும். ஏனென்றால் தள்ளாவிட்டால் வண்டி நின்றுவிடும் என்பதைத்தான் நாம் பிறந்ததிலிருந்து பார்த்து வந்திருக்கிறோம். ஆகவே கண்ணால் காட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் ஒரு பரீட்சை அட்டை. அட்டையின் மேல், விசைத்தறிக்காரர்கள் நூல் தீர்ந்ததும் தூக்கிப் போடுகிற காகிதக் கோனில் பாதி. கோனின் உச்சியில் ஒரு முட்டை. அட்டையை ஓங்கித் தட்டினால் அது பறக்கும். அதன் கிளிப் இடித்துக் கோனும் கூடவே போகும். முட்டைக்கு மட்டும் என்ன நடந்தது என்றே தெரியாது. இருந்த இடத்திலேயே நின்று, கீழே தாங்க ஆளில்லை என்று தெரிந்ததும் நேராகத் தண்ணீருக்குள் விழும். நிலைமம் என்றால் இதுதான்.

இரண்டு வாரம் அடுப்படியில் ஒத்திகை நடந்தது. முதல் நாள் முட்டை உறி அடித்ததுபோல் சுவரில் போய் ஒட்டிக்கொண்டது. இரண்டாம் நாள் நாய்க்குக் கிடைத்தது. பிறகு கை பழகிவிட்டது. பத்துக்கு ஒன்பது முட்டை தண்ணீர்ப் போசிக்குள் பத்திரமாக இறங்கியது. தவறிய ஒன்றை அம்மா கிண்ணத்தில் ஏந்தி ஆம்லெட் போட்டாள். இரண்டு வாரமும் காலையில் ஆம்லெட், ராத்திரி ஆம்லெட். ஒத்திகைக்கு எடுத்தது அத்தனையும் கிராக் முட்டை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நேர்காணலுக்குப் போகிற காலையில் முட்டை ட்ரேக்கள் அடுக்கியிருந்த அறைக்குப் போனேன். ஒரு பக்கம் லாரிக்குப் போகிற முழு முட்டை, மறுபக்கம் கிராக். படித்தவள், காரியம் பெரியது, இன்றைக்கு ஒரு நாள் நல்ல முட்டையை எடு என்று மூளை சொன்னது. கையும் போயிற்று. போன கை, அடுப்பில் பட்டதுபோல் திரும்பி வந்துவிட்டது. வாசலில் நின்றிருந்த அம்மாவைப் பார்த்தேன்.

"ஒடையறதுக்குன்னு ஆராச்சும் நல்ல முட்டையக் கொண்டு போவாங்களா சாமி?" என்றாள்.

அதுதானே, எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. கிராக் முட்டைகளில் நல்ல முகமாக ஒன்றைப் பொறுக்கினேன். முடி அளவு விரிசல்தான், வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தால்தான் தெரியும். தூக்குப் போசியில் உமி நிரப்பி, நடுவில் அதைப் புதைத்து, பஸ் ஏறினேன்.

அந்த பஸ் ஓட்டுநருக்கு பிரேக் என்பது சும்மா மிதித்துப் பார்க்கிற சாமான். மிதிக்கும்போதெல்லாம் பஸ் நின்றது, நாங்கள் நிற்கவில்லை. பக்கத்துச் சீட்டு அம்மாள் முன் கம்பியில் மோதி, "ஆரு தள்ளுனது?" என்று பின்னால் திரும்பி முறைத்தார். யாரும் தள்ளவில்லை, நீங்கள் ஏற்கெனவே போய்க்கொண்டிருந்தீர்கள், பஸ்தான் நின்றுவிட்டது என்று விளக்கினேன். என்னை ஒருமாதிரிப் பார்த்துவிட்டு வேறு சீட்டுக்குப் போய்விட்டார். நானோ வகுப்பு இப்போதே சூடு பிடித்துவிட்டதாகச் சந்தோஷப்பட்டேனே தவிர, ஒவ்வொரு குலுக்கலுக்கும் மடியிலிருந்த போசிக்குள் முடி அளவு விரிசல் என்ன அளவுக்கு வந்தது என்று யோசிக்கவில்லை.

வகுப்பறையில் ஐம்பது மாணவர்கள். முன்வரிசையில் கோப்புகளோடு மூன்று பேர். கல்லூரி முதல்வர், இயற்பியல் துறைத்தலைவர், வெளியிலிருந்து வந்த ஒரு நிபுணர். நிபுணர் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். ஆய்வகத்திலிருந்து பெரிய பீக்கர் ஒன்றை வாங்கித் தண்ணீர் ஊற்றி மேஜை நுனியில் வைத்தேன். அட்டை, கோன், முட்டை எல்லாம் ஏறி நின்றன. "முட்டை எங்கே போகும்?" என்று கேட்டேன். "உங்க மேல, மேடம்" என்றது ஒரு குரல். சிரிப்பு அடங்கியதும் உள்ளங்கையால் அட்டையை ஓங்கித் தட்டினேன்.

அட்டை பறந்தது. கோன் அதன் பின்னால் போனது. முட்டை இம்மி பிசகாமல் நேராக பீக்கருக்குள் இறங்கியது. முதல் விதி என்னைக் கைவிடவில்லை. தண்ணீரைத் தொட்டதும் முட்டைதான் இரண்டாகப் பிளந்து கைவிட்டது. பாதி தண்ணீரில் மஞ்சளாகச் சுழன்றது. மீதி நிபுணரின் சட்டையில் தெறித்தது. அதோடு ஒரு வாடையும் கிளம்பியது. அந்த முட்டை கூண்டிலிருந்து வந்து எத்தனை நாள் ஆயிற்று என்று நான் பார்த்திருக்கவில்லை. நிபுணர் கைக்குட்டையால் முதலில் சட்டையைத் துடைத்தார், பிறகு அதே கைக்குட்டையை மூக்கில் வைத்து, உடனே எடுத்துவிட்டார்.

என் ஆயுள் முழுக்கத் தீனி போடப்போகிற மூன்று ஷெட்டும் கண்முன்னால் வரிசையாக வந்து நின்றன.

துறைத்தலைவர் எழுந்து வந்தார். பீக்கருக்குள் எட்டிப் பார்த்தார். ஓட்டுத் துண்டு ஒன்றை விரலால் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"ஏம்மா, இது கிராக் முட்டைங்களா?"

"ஆமாங்க."

"ஊட்ல பண்ணைங்களா?"

"ஆமாங்க."

"நல்ல முட்டை இல்லீங்களா?"

"நெறைய இருக்குதுங்க. அதெல்லாம் லாரிக்குங்க."

அவர் முகத்தில் ஒரு சதை ஆடியது. "எங்கூட்லயும் பண்ணைதானுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு முதல்வரைப் பார்த்தார். "சரி, இருக்கற நேரத்துல இது ஏன் ஒடஞ்சுதுன்னு சொல்லுங்க."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவர்கள் மேல் இல்லை, என் மேல். கோபம் வந்தால் எனக்குப் பயம் போய்விடும். சாக்பீஸை எடுத்துப் பலகையில் கோழிக் கூண்டை வரைந்தேன். கூண்டின் அடித்தட்டு சாய்வாக இருக்கும், இட்ட முட்டை உருண்டு முன்பக்கம் வந்து நிற்கும். சாய்வு குறைந்தால் முட்டை நகராது, கோழி மிதித்துவிடும். கூடினால் வேகமாக வந்து ஏற்கெனவே நிற்கிற முட்டையில் மோதும். ஓடி வந்த முட்டையின் உந்தம் ஒரு நொடியின் சிறு துணுக்கில் அடங்கியாக வேண்டும். நேரம் எவ்வளவு குறைகிறதோ விசை அவ்வளவு கூடும், அங்கேதான் விரிசல் விழுகிறது. உமியில் விழுந்த அதே முட்டை பிழைத்துக்கொள்ளும், ஏனென்றால் உமி அதற்கு நேரம் கொடுக்கிறது. தண்ணீரும் கொடுக்கும். ஏற்கெனவே அடிபட்ட ஓட்டுக்குத்தான் அந்த நேரம் போதவில்லை. "விதிமேல தப்பில்லை. முட்டை எடுத்த ஆள்மேலதான் தப்பு" என்று முடித்தேன். இருபது நிமிடம் சரியாக இருந்தது. நிபுணர் கோப்பில் ஏதோ எழுதி மூடினார்.

அப்போது கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்தாள்.

"மேடம், முட்டை நேரா விழுந்துச்சுன்னு சொல்றீங்க. கோன் நகரும்போது உராய்வு முட்டையையும் கொஞ்சம் இழுத்திருக்குமில்லீங்களா?"

அவள் புருவம் சுருங்கியிருந்தது. அதற்குப் பிறகு அந்த அறையில் தேர்வுக் குழு இருந்ததே எனக்கு ஞாபகமில்லை. முன்வரிசைக்குப் போய், முதல்வருடைய கோப்பையே எடுத்து, அதன் மேல் அவர் பேனாவை வைத்தேன். மெதுவாக இழுத்தேன், பேனா கூடவே வந்தது. சட்டென்று உருவினேன், பேனா ஏறக்குறைய அதே இடத்தில் மேஜையில் கிடந்தது. இரண்டு தடவையும் உராய்வு இருந்தது. இரண்டாம் தடவை அதற்கு இழுக்க நேரம் கிடைக்கவில்லை. முட்டையும் மயிரிழை நகர்ந்துதான் விழுந்திருக்கும், நம் கண்ணுக்கு அது போதாது என்றேன்.

அவள் உட்காரவில்லை. "உராய்வு எல்லாப் பக்கமும் இருக்குது. புவியீர்ப்பும் இருக்குது. அப்ப முதல் விதி அப்படியே நடக்கற எடம் எங்கீங்க மேடம் இருக்குது?"

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இடத்தைத் தேடாதே, எங்கே நின்று பார்க்கிறோம் என்பதைத் தேடு என்று ஆரம்பித்தேன். குறிப்பாயம் என்றால் என்ன என்று சொல்ல, காலையில் வந்த பஸ்ஸைப் பலகையில் வரைந்தேன். பஸ்ஸுக்குள் நின்று பார்க்கிறவருக்கு யாரோ தள்ளியதுபோல் இருக்கும், சாலையில் நின்று பார்க்கிறவருக்கு அப்படி யாரும் தெரியாது என்றேன். சாலையும் பூமியோடு சேர்ந்து சுற்றுகிறதே என்றாள் அவள். அப்படியானால், என்று வாயைத் திறந்தபோது மணி அடித்தது. துறைத்தலைவர் இருமினார். மூன்றாவது இருமல் என்று பிறகு சொன்னார்கள். அடுத்த விண்ணப்பதாரர் கதவுக்கு வெளியே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். ஒரு பீரியட் முழுக்கப் போயிருந்தது. முதல்வர் தன் பேனாவைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

மாலை நாலு மணிக்கு மறுபடி உள்ளே கூப்பிட்டார்கள். நிபுணர் சட்டையில் மஞ்சள் காய்ந்து நாமக்கல் மாவட்ட வரைபடம்போல் ஆகியிருந்தது. நான் அதைப் பார்க்காமல் இருக்கப் படாத பாடு பட்டேன்.

துறைத்தலைவர் கேட்டார். "அந்தப் புள்ளைக்குப் பாதி பதிலு நிக்குதுங்க. மீதிய ஆரு சொல்றது?"

"நான் சொல்றேனுங்க."

"எப்பங்க?"

"நாளைக்கேங்க."

"நாளைக்கு ஞாயித்துக்கெழமைங்க" என்றார். நிபுணர்தான் முதலில் சிரித்தார். நியமன உத்தரவில் திங்கட்கிழமை என்று போட்டார்கள்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது அம்மா தீனித் தொட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. நான் கொடுத்திருந்த வாக்கு இப்படிப் பயனில்லாமல் போகும் என்று அவள் நினைத்திருக்க மாட்டாள். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, அவளைப் பார்க்கச் சங்கடமாகவும் இருந்தது. ஒரு தொட்டி முழுக்கத் துடைத்து முடித்தபிறகு, "காலீல எத்தன மணிக்குப் பொறப்படோணும்?" என்றாள். ஏழு மணி என்றேன். "அப்ப நாலரைக்கே எளுப்பி உட்டர்றன், தீனி போட்டுட்டுப் போயிரலாம்" என்றாள்.

திங்கட்கிழமை முதல் பீரியட் எனக்கு. உள்ளே நுழைந்ததும் ஐம்பது பேரும் எழுந்தார்கள். வணக்கம் சொன்னார்கள். உட்காருங்கள் என்றேன், உட்கார்ந்தார்கள். கடைசி வரிசையில் ஒருத்தி மட்டும் உட்காரவில்லை. அவள் கையில் நோட்டு விரிந்திருந்தது. சனிக்கிழமை நான் வரைந்த பஸ் அதில் அப்படியே இருந்தது, பக்கத்தில் பாதிப் பக்கம் காலியாக விட்டிருந்தாள்.

"மேடம், அப்படியானால்னு சொன்னீங்களே" என்றாள்.

கண் கலங்கிவிட்டது. பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு தேதி எழுதினேன். சாதாரணமாக எனக்குத் தேதி எழுத அவ்வளவு நேரம் ஆகாது.