பீரோவுக்குப் பின்னால்

சேரப்பணஞ்சேரியில் ஒரு வீடு பிடித்திருந்தது. எங்கள் சேமிப்பு முழுக்க அதற்குத்தான். புரோக்கரே ஒரு இன்ஜினியரைக் கூட்டி வந்தார். அவர் சுவரைத் தட்டிவிட்டு, நல்ல வீடு என்றார். எனக்கு அது போதும்.

என் மனைவி விடவில்லை. "ஏன்யா, உன் கம்பெனியில நீ செஞ்ச பீஸை நீயே பாஸ் பண்ணிக்குவியா?"

மாட்டேன். லைனில் செய்கிறவன் வேறு, செக் பண்ணுகிறவன் வேறு.

வாலாஜாபாத்திலிருந்து லைசென்ஸ் உள்ள இன்ஜினியரம்மா ஒருவரை நாங்களே அழைத்து வந்தோம். அவர் முதலில் பீரோவை நகர்த்தச் சொன்னார்.

புரோக்கர் சிரித்தார். "இன்னா மேடம், வூட்டைப் பாக்க வந்தீங்களா, பீரோவைப் பாக்க வந்தீங்களா?"

நகர்த்தினோம். தரையிலிருந்து ஜன்னல் உயரத்துக்குச் சுவர் வெடித்திருந்தது. இன்ஜினியரம்மா அதில் விரலை விட்டுக் காட்டினார். "அஸ்திவாரம் இறங்குது."

வீட்டுக்காரர் வெளுத்துப் போனார். "நான் வாங்கும்போதே பீரோ இங்கதான் இருந்துச்சு. வூட்டோட சும்மா குடுத்தாங்க. நகத்தினதே இல்ல." பிறகு புரோக்கரைப் பார்த்தார். "அன்னிக்கும் நீதானே இன்ஜினியரைக் கூட்டினு வந்த?"

புரோக்கர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

கிளம்பும்போது, பீரோவைப் பழைய இடத்தில் தள்ளிவிடவா என்று வீட்டுக்காரரைக் கேட்டேன்.

"வேணாம்பா. வர்றவங்க பாக்கட்டும்."

நாங்கள் இன்னும் வாடகை வீட்டில்தான் இருக்கிறோம். அவர் வீடும் இன்னும் விற்கவில்லை.