பாதி மூடியின் கணக்கு

பயம் வந்தால் சிலருக்கு வயிற்றைக் கலக்கும். எனக்குக் காது அடைத்துக்கொள்ளும். போன வருடம் ஒரு காலை, ஸ்ரீரங்கத்திலிருந்து திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டு போகும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது அப்படி அடைத்துக்கொண்டது. கண்டக்டர் இரண்டு முறை டிக்கெட் கேட்டிருக்கிறார், எனக்குக் கேட்கவில்லை. மூன்றாவது முறை, “எங்கம்மா இறங்கணும், காவிரியிலயா?” என்றார். பின்சீட்டில் யாரோ சிரித்தார்கள். வேறொரு நாளாக இருந்தால் நானும் பதிலுக்கு ஒன்று கொடுத்திருப்பேன், என் வாய் சும்மா இருக்கிற வாய் இல்லை. அன்று செல்போனை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை.

போனில் இருந்தது ஒரு புகைப்படம். எங்கள் கம்பெனி ஃபிட்டர் அனுப்பியது. துவாக்குடியில் எங்களுடையது சின்னக் கம்பெனி. ஆலைகளுக்கு வேண்டிய, அழுத்தம் தாங்கும் இரும்புக் கலன்களைச் செய்கிறோம். அவை தாங்குமா என்று கம்ப்யூட்டரில் கணக்குப் பார்த்துச் சொல்வது என் வேலை. பொன்மலையிலிருந்து வண்டியில் வரும் அந்த ஃபிட்டருக்கு ஐம்பது வயதிருக்கும், நான் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். ஒவ்வொரு கலனும் முடிந்ததும் அதில் தண்ணீர் நிரப்பி, வேலையில் வரப்போவதைவிட ஒன்றரை மடங்கு அழுத்தம் ஏற்றிச் சோதிப்போம். அதற்கு முன்னால் கலனைத் துடைத்துப் படம் பிடித்து எனக்கு அனுப்பாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. அன்று படத்தோடு, “பத்து மணிக்கு ஆரம்பிக்கிறோம் மேடம். உங்க மூடி எப்படி இருக்கு பாருங்க” என்றும் அனுப்பியிருந்தார்.

பார்த்தேன். கலனின் பக்கவாட்டில் நீளமான மூடி. சுற்றிலும் போல்ட்டுகள். சும்மாதான் எண்ண ஆரம்பித்தேன். இருபது இருந்தன.

வரைபடத்திலும் இருபதுதான். அதில் ஒன்றும் தப்பில்லை. ஆனால் இரண்டு வாரமாக நான் கம்ப்யூட்டரில் பார்த்துக்கொண்டிருந்த மூடியில் பத்துதான் இருந்தன. முழு மூடியை நான் அன்றுதான், அந்தப் பஸ்ஸில்தான், முதல்முறையாகப் பார்த்தேன்.

காரணம் இதுதான். மூடி வட்டமாக இருந்தால் புத்தகத்திலேயே சூத்திரம் இருக்கிறது. இது கேப்சூல் மாத்திரையைப் படுக்கவைத்த வடிவம், நடுவில் ஒரு குழாய் வேறு. இதற்கு மென்பொருள்தான் கதி. எங்கள் கம்ப்யூட்டரோ கிழடு, முழு மூடியைக் கொடுத்தால் ஒரு நாள் முழுக்க முனகும். அதனால் மூடியை நடுவில் வெட்டிப் பாதியை மட்டும் கொடுப்பேன். இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதானே, பாதிக்கு என்ன நடக்கிறதோ அதுதான் மறுபாதிக்கும். எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள், இது திருட்டுவேலை இல்லை. மென்பொருள் அந்தப் பாதியை ஆயிரக்கணக்கான துண்டுகளாகப் பிரித்துக்கொள்ளும். உள்பக்கத்தைத் தேர்ந்தெடுத்துத் தொகையீடு கேட்டால், ஒவ்வொரு துண்டிலும் அழுத்தம் தள்ளுகிற தள்ளலை எல்லாம் கூட்டி ஒரே விசையாகக் கொடுக்கும். அந்த விசைக்கு ஒரு பெயர் வைத்து, நானே எழுதிய சமன்பாட்டில் அதைச் சேர்த்துக்கொள்ளலாம். என் சமன்பாடு சுலபமானது: விசையைப் போல்ட் எண்ணிக்கையால் வகுத்து, பிறகு ஒரு போல்ட்டின் குறுக்குப் பரப்பால் வகுக்க வேண்டும். ஒவ்வொரு போல்ட்டும் எவ்வளவு தகைவை, அதாவது தன் பரப்புக்கு எவ்வளவு இழுப்பைச் சுமக்கிறது என்று வந்துவிடும். எல்லைக்குள் இருந்தால் பச்சையாகக் காட்டும்படி செய்து வைத்திருந்தேன். அந்தப் பச்சையைப் பார்ப்பதில் எனக்கு அப்படி ஒரு பெருமை.

எண்ணிக்கை என்ற இடத்தில் வரைபடத்தைப் பார்த்து இருபது என்று அடித்திருந்தேன். தொகையீடு கொடுத்ததோ பாதி மூடியின் விசை. பாதி மூடி சுமக்கிற பாரத்தை முழு மூடியின் போல்ட்டுகளுக்குப் பங்கு போட்டுவிட்டேன்.

அல்லது விசையை இரண்டால் பெருக்கினேனோ? சில வேலைகளில் பெருக்குவதும் உண்டு. வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருமுனை வந்தபிறகு கேஸை அணைத்தோமா என்று நினைவு வராதே, அந்த மாதிரி. கை செய்ததா இல்லையா என்று தலைக்குத் தெரியவில்லை.

என் அறிக்கையில் வந்த எண் மட்டும் நன்றாக நினைவிருந்தது. நூற்றுப் பன்னிரண்டு. எல்லை நூற்று நாற்பது. மூடியை ஒரு செவ்வகமும் இரண்டு அரைவட்டமுமாகப் பிரித்து, செல்போன் கால்குலேட்டரிலேயே அழுத்தத்தைப் பரப்பால் பெருக்கினேன். பள்ளிக்கூடப் பிள்ளை போடுகிற கணக்கு. இரண்டு வாரத்தில் ஒரு தரம்கூட நான் அதைப் போட்டுப் பார்க்கவில்லை. இருநூற்று இருபதுக்கு மேல் வந்தது. விரல் தவறியிருக்கும் என்று மறுபடி போட்டேன். அதே எண் வந்தது.

இது வேலையில் வரும் அழுத்தத்துக்கு; சோதனையின் ஒன்றரை மடங்கில் முந்நூற்று முப்பதைத் தாண்டும். அந்த போல்ட்டுகளோ இருநூற்று நாற்பதிலேயே இழுபட்டு நீளத் தொடங்கிவிடும். சாதாரண ரகம். அந்த ரகமே தாராளமாகப் போதும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டதும் நான்தான்.

உடனே அண்ணனைக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எங்கள் முதலாளியைக் கூப்பிட்டேன், அவரும் எடுக்கவில்லை. அப்போதுதான் நினைவு வந்தது. ஒரு முறை ஒருவர் போனில் பேசிக்கொண்டே வால்வை மறந்துவிட்டதிலிருந்து, தண்ணீர் நிரப்பத் தொடங்கினால் எல்லோரும் செல்போனைச் சோதனைக் கூடத்துக்கு வெளியே ஒரு தட்டில் வைத்துவிட வேண்டும் என்று முதலாளி சட்டம் போட்டிருந்தார். தட்டில் எல்லாப் போன்களும் என் பெயரைக் காட்டிக் கத்திக்கொண்டிருக்கும், உள்ளே பம்ப் சத்தத்தில் ஒருவருக்கும் கேட்காது. ஆபீஸ் போனை எடுக்கும் கிளார்க் வருவதே பத்தரைக்கு.

மாம்பழச் சாலையில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். “துவாக்குடிங்க. சீக்கிரம் போகணும்” என்றேன். திருவானைக்காவல் வழியாகப் பைபாஸ் ஏறினார். காவிரிப் பாலத்தில் காற்று முகத்தில் அடித்தது.

நான் பயந்தது எதற்கு என்று மறைக்காமல் சொல்கிறேன். அண்ணனுக்காகப் பயந்தேன். அழுத்தம் ஏறும்போது யாரும் மூடிப் பக்கம் போகக் கூடாது, உச்சம் தொட்டு இறக்கிய பிறகுதான் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும் என்பது விதி. அவர் கேட்கமாட்டார். அழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றி நிறுத்தும்போதெல்லாம் டார்ச்சும் துணியுமாகப் போய், ஒவ்வொரு போல்ட்டையும் தொட்டுத் தடவி, ஒரு சொட்டுக் கசிகிறதா என்று பார்ப்பார். முகம் மூடிக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கும். சொன்னால், “கைக்குத் தெரியும் மேடம்” என்பார்.

எனக்காகவும் பயந்தேன். சென்னையிலிருந்து வாடிக்கையாளரின் இன்ஸ்பெக்டர் வந்திருந்தார். அவர் முன்னால் போய், என் கணக்கு தப்பு என்று சொல்ல வேண்டும். ஒன்பது வருடமாக, “அந்தம்மா சொன்னா சரியா இருக்கும்” என்று வாங்கி வைத்திருந்த பெயர். பால்பண்ணை சிக்னலில் நின்றபோது ஒரு நினைப்பு வந்தது. போல்ட் தாங்கினாலும் தாங்கும். எல்லையைத் தாண்டியதெல்லாம் உடனே அறுந்துவிடுவதில்லை. நான் வழக்கம்போல நிதானமாகப் போய் இறங்கினால் இது ஒருவருக்கும் தெரியாது. சிக்னல் மாறும்வரை அந்த நினைப்பு என்னோடு இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

காட்டூரில் லாரி ஒன்று குறுக்கே நின்று பத்து நிமிடம் போயிற்று. ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். “ஆஸ்பத்திரிங்களாம்மா?”

“இல்லீங்க. அப்படி ஆயிடக் கூடாதுன்னுதான்.”

அதற்குப் பிறகு இண்டு இடுக்கெல்லாம் புகுந்து ஓட்டினார்.

கம்பெனிக்குள் போனபோது மணி பத்தேகால். பம்ப் ஓடும் சத்தம் வெளியிலேயே கேட்டது. சோதனைக் கூடத்து வாசலில் நின்றேன். அழுத்தமானியில் முள் பாதியைத் தாண்டி இருந்தது. பம்பை நிறுத்தினார்கள். முதலாளியும் இன்ஸ்பெக்டரும் மேசைப் பக்கம் இருந்தார்கள். அண்ணன் டார்ச்சை எடுத்துக்கொண்டு மூடியை நோக்கி நடந்தார்.

“அண்ணே, கிட்ட போகாதீங்க” என்றேன். குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. அவர் நின்று திரும்பினார்.

“சார், பிரஷரை இறக்கச் சொல்லுங்க. என் கணக்கு தப்பு.”

முதலாளி முதலில் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார், பிறகு என்னை. “என்னம்மா சொல்ற? பாதி ஏத்தியாச்சு.”

“பாதி மாடல் சார். விசையும் பாதிதான் வந்திருக்கு. நான் போல்ட்டை இருபதுன்னு போட்டுட்டேன். அறிக்கையில இருக்கறதைவிட ரெண்டு மடங்கு வருது.”

“நிச்சயமா தெரியுமா?”

“போன்ல தோராயமா போட்டுப் பாத்ததுதான் சார். ஃபைலைத் திறந்தாத்தான் நிச்சயமா தெரியும். ஆனா பிரஷரை இறக்கிட்டுத் திறக்கலாம்.”

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடிப் பையில் செருகிக்கொண்டு பத்து அடி பின்னால் போய் நின்றார். மனுஷன் விவரம் தெரிந்தவர். முதலாளி இன்னும் யோசித்துக்கொண்டிருந்தார். யாரும் சொல்வதற்குள் அண்ணனே சுற்றி வந்து வடிகால் வால்வைத் திறந்துவிட்டார். முள் இறங்க இறங்க என் காதும் திறந்தது. தண்ணீர் தரையில் ஓடுகிற சத்தம் கேட்டது. அங்கிருந்த பெயிண்ட் டப்பாமேல் உட்கார்ந்தேன்.

ஃபைலைத் திறந்து பார்த்தோம். சமன்பாட்டில் இருபது இருந்தது, பெருக்கல் இரண்டு இல்லை. முதலாளி திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “நல்ல ரகம் போல்ட் வாங்கி அடுத்த வாரம் பாக்கலாம்” என்று மட்டும் சொல்லிவிட்டு, இன்ஸ்பெக்டரை டீ குடிக்க அழைத்துப் போனார்.

எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். இதுவரை என் அறைக்குள் அவர் வந்ததே இல்லை. கம்ப்யூட்டரில் தெரிந்த பாதி மூடியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“மேடம், இந்தக் கணக்கை ஒவ்வொரு தடவையும் புதுசாவா எழுதுவீங்க?”

“இல்லண்ணே. ஒரு தடவை எழுதி வச்சதுதான். எண்ணை மட்டும் மாத்திக்கிட்டு அதையே ஓட்டுவேன்.”

“அப்ப இதுக்கு முன்னாடி நான் கைய வச்சுப் பாத்ததெல்லாம்?”

கேட்ட குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்கு மறுபடியும் காது அடைத்தது.

மதியம் சாப்பிடப் போகவில்லை. அந்தச் சமன்பாட்டை நகலெடுத்த பழைய ஃபைல்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன். அண்ணன் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். பெரும்பாலானவை முழு மாடலே ஓட்டிய சின்ன மூடிகள், அல்லது இரண்டால் பெருக்கியவை. மூன்றில் மட்டும் அதே தப்பு. அந்த மூன்று மூடிகளையும் அவர் சோதனையில் தொட்டுப் பார்த்திருக்கிறார். இரண்டில் உயர்ந்த ரகம் போல்ட், இரண்டு மடங்கு வந்தாலும் எல்லைக்குள் இருந்தது. மூன்றாவதில் சாதாரண ரகம். ஏழு மாதத்துக்கு முன்னால் அனுப்பி, வெளியூர் ஆலை ஒன்றில் ஓடிக்கொண்டிருந்த கலன்.

முதலாளியிடம் சொன்னேன். “டெஸ்ட்ல தாங்கினதுதானேம்மா. நாளைக்கு முறையா லெட்டர் போடலாம்” என்றார்.

ஒன்றரை மடங்கைத் தாங்கிய மூடி, வேலையில் வருகிற அழுத்தத்தைத் தாங்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் அந்தச் சோதனையில் அந்த போல்ட்டுகள் எவ்வளவு இழுபட்டன, ஏழு மாதச் சூட்டிலும் அதிர்விலும் அவற்றில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது, இதெல்லாம் என் ஃபைலில் இல்லை. அங்கே என் பச்சை நிறம்தான் இருந்தது. வாசலுக்கு வந்து அந்த ஆலையின் எண்ணைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டேன். அண்ணனும் பின்னாலேயே வந்து நின்றார்.

யாரோ ஒருவர் எடுத்தார். குரல் சின்னதாக இருந்தது, இருபத்தைந்து வயதுகூட இருக்காது. பின்னால் இயந்திரச் சத்தம். கம்பெனிப் பெயரைச் சொல்லி, “எங்க கலன் ஒண்ணு அங்க இருக்குல்ல, சைடுல நீள மூடி வச்சது. அது இப்ப எப்படிங்க இருக்கு?” என்று கேட்டேன்.

“நல்லாத்தான் இருக்குங்க மேடம். இப்ப ஃபுல் லோடுல ஓடுது. மூடியில லேசா ஈரம் தெரிஞ்சுது, போல்ட்டை இறுக்கலாம்னு ஸ்பேனரை எடுத்துக்கிட்டு அதுக்கிட்டதான் நிக்கிறேன். சொல்லுங்க.”