சமையல்காரர் கீறிய படம்

என் தங்கை ஊரில் மிதிவெடி எடுக்கிறாள். முன்பு இரண்டு படைகளும் எதிரெதிரே நின்ற எல்லைப் பக்கத்தில், முழங்காலில் நின்று, சின்ன முள்வாரியால் மண்ணை விரல் அளவாக வழித்து எடுக்கும் வேலை. முடித்துக்கொண்டு காணியை விட்டு வந்ததும் 'வெளியில வந்திட்டன்' என்று எனக்கு மெசேஜ் போடுவாள். லண்டனில் அப்போது காலை ஒன்பது மணி ஆகும். அதுவரை நான் யாருக்கும் நல்ல முகம் காட்டுவதில்லை. மனோர் பார்க்கில் நான் ஏறும் பஸ்ஸின் டிரைவருக்குக்கூட இது தெரிந்திருக்கும்.

அண்ணன் எங்கள் வீட்டுச் சின்ன அறையில் இருக்கிறார். சண்டை முடிந்து இங்கே வந்தவருக்கு அகதி விண்ணப்பம் எழுதியவள் நான்தான். இயக்கத்தில் என்ன வேலை என்று கேட்டேன். பேசாமல் இருந்தார். சமையல் என்று போடுவோம் என்று சொல்லி நானே போட்டேன். வழக்கு வென்றது. எங்கள் ஆட்கள் அதிகாரிக்குச் சொன்ன கதையை வீட்டுக்குள்ளும் மாற்ற மாட்டார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் வாய் தவறிச் சொல்லிவிடுவார்கள் என்ற பயம். வருஷங்கள் போக, எழுதிய நானே அதை நம்பத் தொடங்கிவிட்டேன். சோற்றைக் குழைய விடுகிற மனுஷனை என் மகள் 'செஃப் மாமா' என்று கூப்பிடுவாள், எல்லோரும் சிரிப்போம். அவரும் சிரிப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தங்கை வீடியோவில் வந்தாள். கதையோடு கதையாக ஒரு மிதிவெடி வரிசையைப் பற்றிச் சொன்னாள். ஒரே இடைவெளியில் வந்துகொண்டிருந்த வெடிகள் ஒரு மொட்டைப் பனைக்குப் பக்கத்தில் நின்றுவிட்டன, அதற்கு அப்பால் மறுபடி தொடங்குகின்றன. நடுவில் இரண்டு இருக்க வேண்டும், இல்லை. இரும்பு குறைந்த வெடி என்பதால் வெடி தேடும் மெஷினும் சரியாகக் கத்தாதாம். அதே காணியில் அவளோடு வேலை செய்த பெண் ஒருத்திக்குப் போன மாதம் கை போய்விட்டது. அதை மட்டும் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

அண்ணன் அதே மேசையில் சாப்பாட்டை அளைந்துகொண்டிருந்தார். நான் போனை வைத்ததும் தலை நிமிராமலே சொன்னார்.

"அந்தப் பனைக்குக் கிழக்கால இடிஞ்ச கிணறு ஒண்டு இருக்கோ எண்டு அவளைக் கேள்."

எனக்கு விளங்கிவிட்டது. முதலில் வந்தது கோபம்தான். போரில் யார் என்ன செய்தார்கள் என்று கேட்டால் எங்களில் பாதிப் பேர் வாய் திறக்க மாட்டோம், அது வேறு. ஆனால் ஆறு வருஷமாக ஒவ்வொரு காலையும் நான் போனைப் பிடித்துக்கொண்டு தவிப்பதைப் பார்த்தபடி தேநீர் குடித்தாரே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வாயில் வந்தபடி ஏசினேன்.

"நீதானே சமையல் எண்டு எழுதினனீ," என்றார்.

ஒரு பேனையை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

கவுன்சிலில் இருந்து வந்த கடிதத்தின் பின்பக்கத்தில் கீறினார். கிணறு, பனை, வரிசை. பனையடியில் வேர் இடறியதால் இரண்டை மட்டும் உள்ளே தள்ளி வைத்ததாகச் சொன்னார். கீறி முடித்ததும் தாளின் மேல் கையை வைத்துக்கொண்டு, இது வெளியே போனால் தன்னைத் திருப்பி அனுப்புவார்களா என்று கேட்டார். தெரியாது என்றேன். உண்மையாகவே தெரியாது. பொய்யை எழுதியவள் நான் என்பதால் எனக்கும் பயம் இருந்தது. அவர் கையை எடுக்கும்வரை பக்கத்தில் நின்றேன். பிறகு படம் பிடித்துத் தங்கைக்கு அனுப்பினேன்.

யார் தந்தது என்று கேட்டு எழுதினாள். தெரிந்த ஓர் ஆள் என்று பதில் போட்டேன். அவள் அதைத் தன் மேலதிகாரியிடம் கொடுத்தாள்.

அந்த வாரம் முழுவதும் நானும் அண்ணனும் தேவைக்கு மட்டும் பேசிக்கொண்டோம். வெள்ளிக்கிழமை நான் வீட்டில் நின்றேன். காலையில் மெசேஜுக்குப் பதிலாகத் தங்கையே போனில் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டேன். ஒன்று, கீறிய இடத்திலேயே கிடைத்ததாம். மற்றதைக் காணவில்லை. வெள்ளம் இழுத்திருக்கலாம், இல்லாவிட்டால் கீறிய ஆளுக்கு நினைவு பிசகியிருக்கலாம் என்றாள். அண்ணன் கதவடியில் வந்து நின்றார்.

"அக்கா, அண்ணையை நல்லா யோசிக்கச் சொல்லுங்கோ," என்றாள் தங்கை. "திங்கட்கிழமை அந்தப் பனையடியில நான்தான்."

கீறியது யார் என்று நான் அவளுக்குச் சொல்லவே இல்லை. போனை வைத்துவிட்டாள். அண்ணன் உள்ளே வந்து மேசையடியில் உட்கார்ந்தார். இன்னொரு தாள் தரச் சொன்னார்.