வேல விதை கேட்டு வந்தார்கள்

கண்டனூர்ப் பக்கம் எங்கள் பங்காளிகளுக்குப் பொதுவாக ஒரு தரிசு கிடந்தது. செம்மண்ணும் சரளையும்தான், ஆடு மேயும், வேறெதற்கும் ஆகாது. இறந்துபோன என் அண்ணனின் மனைவி, என் மதினி, அதில் வெள்ளாடு மேய்த்துத்தான் இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தார்.

மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு கம்பெனிக்காரர் வந்தார். இந்த மண்ணுக்கே உரிய மரங்களை வளர்த்துக் காடாக்குவார்களாம். காற்றிலிருக்கும் கரியை அந்தக் காடு இழுத்து வைத்துக்கொள்ளுமாம். அதற்கு வெளிநாட்டில் யாரோ பணம் கொடுப்பார்களாம், எங்களுக்கும் பங்கு வருமாம். ஒரே நிபந்தனை, ஆடு உள்ளே வரக்கூடாது. ஓய்வுபெற்ற வாத்தியார் என்பதால் ஒப்பந்தத்தை வாசித்து எல்லோருக்கும் விளக்கியவன் நான்தான். உலகத்தையே காப்பாற்றப் போகிற தோரணையில் விளக்கினேன். மதினியைக் கேட்கவில்லை. பங்காளிகள் கூடுகிற இடத்தில் பெண்களைக் கேட்கும் வழக்கம் எங்களிடம் கிடையாது. அண்ணன் பங்குக்கும் சேர்த்து நானே கையெழுத்துப் போட்டேன். இப்போது எழுதும்போதும் கூசுகிறது.

கம்பிவேலி வந்தது. மதினி ஒரு மாதம் ரோட்டோரமாக ஆடுகளை ஓட்டிக்கொண்டு அலைந்தார். பிறகு ஒரு வியாபாரி வேன் கொண்டுவந்து மொத்தத்தையும் ஏற்றிக்கொண்டு போனார். மதினி என்னிடம் சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

வேலிக்குள் நட்ட கன்றுகளில் முக்கால்வாசி இரண்டு கோடையில் கருகிவிட்டன. போன மாசியில் கம்பெனிக்காரர் மறுபடி வந்தார். நாட்டு வேலமரத்து விதை வேண்டும், அதுவும் ஆட்டுப்பட்டியில் பொறுக்கியதாக வேண்டும் என்றார். வேல நெற்றைத் தின்ற ஆடு பட்டியில் படுத்து அசைபோடும்போது விதையைத் துப்பும். வயிற்றில் ஊறிய அந்த விதைதான் சீக்கிரம் முளைக்கும். இதைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு மூன்று வருடம் ஆகியிருக்கிறது. எங்கள் ஊரில் ஆடு வைத்திருக்கும் யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள்.

"இங்க யார் வீட்டுல சார் பட்டி இருக்கு?"

வெட்கமில்லாமல் அவரை மதினி வீட்டுக்கு அழைத்துப் போனேன். கொல்லையில் பட்டி இருந்த இடத்தில் கொடி கட்டித் துணி காயப்போட்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"ஆட்டை வெரட்டிட்டு, அது துப்புனதைத் தேடி வந்திருக்கீகளாக்கும்?" என்றார். குரலில் கோபமே இல்லை. உள்ளே போய் விளக்குமாற்றை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார்.

"கூட்டிப் பாருங்க தம்பி. ரெண்டு கெடந்தாலும் கெடக்கும்."

கம்பெனிக்காரர் நிழலில் ஒதுங்கி நின்றுகொண்டார். நான் குனிந்து கூட்டினேன். மண்தான் வந்தது.