அறுபடாத கழுத்துகள்

ஆய்வுக்கூடத்தில் அவளுக்குக் கத்திக்காரி என்று பெயர். பிசினில் உறையவைத்த நரம்புச் செல்களைக் கண்ணாடிக் கத்தியால் சீவி, மின்னணு நுண்ணோக்கியில் படம் எடுப்பது அவள் வேலை. பலமாக மூச்சு விட்டால்கூடச் சீவல் கிழிந்துவிடும். பேச்சைக் குறைத்துக் குறைத்து, கல்யாண வயது தாண்டியதைக்கூட அவள் யாரிடமும் சொல்லவில்லை.

கீழ்த்தளத்தில், செல் சவ்வின் கொழுப்புகளைப் பிரித்துப் பார்க்கும் ஒருவர் இருந்தார். எல்லோருக்கும் அவர் கொழுப்புக்காரர். "எனக்குக் கொழுப்பு தொழில்லதாங்க, பேச்சுல இல்ல" என்பார்.

அந்த வருஷம் ஆய்வுக்கூடத் தலைவியான டாக்டரம்மா ஒரே கேள்வியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். நரம்பு முனையில் சேதியைச் சுமக்கும் நுண்பைகள் உருவாக, சவ்வு முதலில் உள்ளே குழிய வேண்டும். சில புரதங்கள் கூடுபோல் கவிந்து அதை உருட்டும். கடைசியில் வேறொரு புரதம் கழுத்தைச் சுற்றி இறுக்கி அறுத்துவிடும். ஆனால் ஒரு வகைச் செல்லில் மட்டும், அவள் எடுத்த படங்களில் பைகள் கழுத்தோடு சவ்விலேயே தொங்கிக்கொண்டிருந்தன.

"நீ சாய்ச்சு சீவியிருக்கே. அறுக்கற புரதம் இதுல நிறையவே இருக்கு. அப்புறம் எப்படி அறுபடாம இருக்கும்?" என்றார் டாக்டரம்மா.

அவள் மூன்று வாரம் புதிது புதிதாகச் சீவினாள். அதே கழுத்துகள்தான். தன் கைமேல் தனக்கே நம்பிக்கை விட்டுப்போனபோது, படங்களை எடுத்துக்கொண்டு கீழ்த்தளத்துக்கு இறங்கினாள்.

கொழுப்புக்காரர் வெகுநேரம் பார்த்தார். "உங்க கைல தப்பில்லைங்க. புரதம் இருந்தா மட்டும் போதுமா? அது வந்து பிடிச்சுக்க சவ்வுல அதுக்குன்னு ஒரு கொழுப்பு வேணும். ரெண்டு நாள் குடுங்க."

இரண்டு நாள் பத்து நாளாயிற்று. அவர் சொன்ன கொழுப்பு, மற்ற செல்களில் இருப்பதில் பாதிகூட அந்தச் செல்களில் இல்லை. அதைச் செய்யும் நொதியைச் செல்களுக்குக் கொடுத்து வளர்த்தார்கள். அவள் மறுபடி சீவினாள். நுண்ணோக்கியின் பச்சைத் திரையில் சின்னச் சின்ன உருண்டைகள், கழுத்து அறுபட்டு, ஒன்றையொன்று முட்டிக்கொண்டு, தனித்தனியாக.

"உன்னைச் சந்தேகப்பட்டுட்டேன். மனசுல வச்சுக்காதே" என்று டாக்டரம்மா அவள் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

கொழுப்புக்காரர் மட்டும் நின்றார். "இனிமே கீழ வர்றதுக்கு உங்களுக்கு வேலை இருக்காதே."

"வேலை இருந்தாதான் வரணுமா?" என்றாள். நுண்ணோக்கி அறை இருட்டாக இருந்ததால் தைரியம் வந்தது.

இருபத்தொன்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்தார்கள். அவர் போய் நாலு வருஷமாகிறது. கூடத்துச் சுவரில் அந்த உருண்டைகளின் படம் சட்டம் போட்டுத் தொங்குகிறது. போன வாரம் வந்த நாத்தனார் குறைப்பட்டுக்கொண்டாள்.

"ஏன் அண்ணி, கல்யாண போட்டோவை உள்ள வச்சுட்டு இதைப் போய் மாட்டியிருக்கீங்களே?"

"அதுல உன் அண்ணன் கண்ணை மூடிட்டு நிக்கறார். இது தெளிவா இருக்கு."

நாத்தனார் சிரித்தாள். பிறகு இரண்டு பேரும் அவரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். ஊற்றி வைத்த டீ ஆறிப்போயிற்று.